சேதாரம்

மார்ச் முப்பத்தொன்று.
பனங்காட்டில் மூன்றாவது சந்து.
என் பையில் ஒரு தராசு,
அறுபத்து நான்கு உறுதிக் கடிதங்கள்,
வெந்நீராகிவிட்ட தண்ணீர்.
சேர்வராயன் மலையை வெயில்
ரப்பர் வைத்து அழித்திருந்தது.

அர்த்தநாரி கொலுசுக் கடைக்கு
வங்கியில் ஒன்றரைக் கோடி கடன்.
ஈடு வெள்ளி.
வெள்ளி எங்கே என்று கேட்டால்
பாதி பெட்டகத்தில்,
பாதி வெளியே.
வெளியே என்றால் இந்த வீடுகளில்:
பாயின் மேல், டிவிக்கு அடியில்,
அரிசி டப்பாவுக்குள்,
பற்றவைக்கும் குழாயின் முனையில்.

மூன்றாம் நபரிடம் இருக்கும் சரக்கை
அவரிடமே எழுதி வாங்கு
என்கிறது தணிக்கைத் தரநிலை.
மூன்றாம் நபர் மாதேஸ்வரி
கதவைத் திறக்கிறாள்.
"ஆடிட்டரா? ஆம்பளைன்னு சொன்னாங்க."
நான் கேட்குமுன்பே
ஃபேனை நிறுத்துகிறாள்,
முள் ஆடக் கூடாதென்று.

ஏட்டில் தொள்ளாயிரம் கிராம்.
தராசில் எண்ணூற்று எண்பத்தொன்பது.
"பதினொண்ணு தரையில கெடக்குங்க்கா.
தலை வாரினா சீப்புல வரும்.
பாப்பா தவழ்ந்தா முட்டியில மின்னும்."

பதினொரு கிராம்
எங்கள் முக்கியத்துவ வரம்புக்கு
எவ்வளவோ கீழே.
ஒரு டிக் அடித்து நகரலாம்.
நகர்ந்தேன்.
பக்கத்து வீட்டில் ஒன்பது.
எதிர்வீட்டில் பதினான்கு.
பூட்டிய வீட்டுக்குச் சாவி வரும்வரை
என் ஆர்ட்டிகிள் பையன் நவ்ஷாத்
வாசல் கோலத்தின் புள்ளிகளை எண்ணினான்.
மார்ச் மாதத்தில் அவனால்
எதையும் எண்ணாமல் பார்க்க முடிவதில்லை.

குறைந்ததற்கு என்ன செய்வார்கள்?
"கூலியில பிடிச்சுக்குவாங்க."
தூசியை?
"கூட்டி அள்ளி சாக்குல கட்டி
கடைக்கே குடுத்துருவோம்.
அது அவங்க வெள்ளிதானே."

அது அவங்க வெள்ளிதானே.
இந்த வாக்கியத்துக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டை.
பெட்டகம் திறந்து நிறுத்தினோம்.
வீடுகளில் குறைந்த வெள்ளி
கடையில் கூடியிருந்தது,
நாலு கிலோ நூற்றுப் பத்து கிராம்
எந்த ஏட்டிலும் பிறக்காமல்.
அர்த்தநாரி குளிர்ந்த இளநீரை நீட்டினார்.
"அதிகமா இருந்தா என்னம்மா?
கொறஞ்சாத்தானே தப்பு?"

ராத்திரி கூலிப் பட்டியலில்
'சேதாரப் பிடித்தம்' என்ற பத்தியை மட்டும்
கிராமாக மாற்றிக் கூட்டினேன்.
ஆறு மாதம்,
நாலு கிலோ இருநூற்று அறுபது.
தூசி உருகித் திரும்பியது போக
மீதி நூற்றைம்பது
நிஜமாகவே போயிருக்கிறது,
புகைக்கும் சாக்கடைக்கும்
மாதேஸ்வரியின் இருமலுக்கும்.

'உண்மையும் நியாயமுமான தோற்றம்'
என்று சட்டம் எழுதச் சொல்கிறது.
இருபது வருடமாக
ஒரே சொல்லைப் போல எழுதிவந்தேன்.
அன்றைக்குத்தான் நடுவில் இருந்த
'உம்' கண்ணில் பட்டது.
பதினொரு கிராம் குறைந்தது உண்மை.
அதை இரண்டு தரம் வாங்கியதற்கு
இன்னொரு சொல் தேவைப்பட்டிருக்கிறது
யாருக்கோ, எப்போதோ.

தொழிலாளர்க்குத் தரவேண்டிய கடனாகக்
காட்டுங்கள் என்றேன்.
"கணக்குப் பாக்க வந்தீங்களா,
சங்கம் வெக்க வந்தீங்களா?"
அவர் காட்டவில்லை.
நான் அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தேன்.
ஏழு வரி.
வங்கியில் அதைப் படித்தார்களா தெரியாது.
கடன் புதுப்பிக்கப்பட்டது.

ஜூலையில் ஈரோட்டிலிருந்து ஒரு கடிதம்.
புதிய ஆடிட்டர், மரியாதையான கையெழுத்து.
இந்தக் கணக்கை நான் ஏற்பதில்
தங்களுக்குத் தொழில்முறை ஆட்சேபம்
ஏதும் உண்டா?

எல்லோரும் 'இல்லை' என்று
எழுதி அனுப்பும் கடிதம் அது.
நவ்ஷாத் அச்சடித்துக்கூட வைத்துவிட்டான்.
அதைக் கிழித்துவிட்டு
நானே தட்டச்சு செய்தேன்:

உண்டு.
நாலு கிலோ நூற்றுப் பத்து கிராம்.